ஆவுடைப் பெரியம்மையின் பதினோரு மிஸ்டு கால்கள்

2023 ஜூன் 7, புதன்

காலை 6.04. மிஸ்டு கால் பதினொன்று.

என் போனில் இல்லை, பெரியம்மையின் போனில். பெரியம்மை ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டாள். வயது எழுபத்தெட்டு, தூக்கத்தில். இன்றோடு நான்காம் நாள். இது செத்தவள் போன் என்று ஊருக்கே தெரியும். ஊரே வந்து அழுதுவிட்டுத்தான் போனது. பிறகு எதற்கு விடிவதற்குள் பதினோரு பேர்?

அம்மா நேற்று அந்தப் பட்டன் போனை என் கையில் திணித்தாள். "இத என்ன செய்யணுமோ செஞ்சு முடிச்சுரு. நீதான இஞ்சினியரு." நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். ஓடுகிற மோட்டார் எப்போது நிற்கும் என்று கண்டுபிடிப்பது என் வேலை. போனை மூடுவது என் வேலை இல்லை. ஆனால் இந்த வீட்டில் ஒயர் தொங்கும் எல்லாமே என் தலையில்தான் விழும். ஒயர் இல்லாததும்.

முதல் எண்ணை அந்தப் போனிலிருந்தே திருப்பி அழைத்தேன். 'பிச்சம்மை' என்று பதிந்திருந்தது. பெரியம்மையின் சிநேகிதி, ரிட்டயர்டு டீச்சர். போனை எடுத்தார். பிறகு மிக மெதுவாக:

"ஆவுடை... போய்ச் சேந்துட்டியா, இல்ல இன்னும் வழியிலயா?"

"டீச்சர், நான் குற்றாலநாதன். தங்கச்சி மவன்."

மெதுவான குரல் அங்கேயே முடிந்தது. அதன்பின் எல்லாம் வந்தது.

"ஏல மூதி! செத்தவ நம்பர்லருந்து விடியக்காலம் கூப்பிடுதியே, ஒன்னய எவம்ல இஞ்சினியர் ஆக்குனது? எனக்கு மாரு அடைச்சிருந்தா?"

"நீங்கதான டீச்சர் மொதல்ல கூப்பிட்டது? செத்தவங்க நம்பருக்கு?"

"நான் கூப்பிடல. ஒரு ரிங் விட்டேன்."

வைத்துவிட்டார். மீதிப் பத்துப் பேரையும் அழைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். இன்னும் பன்னிரண்டு நாளில் பதினாறாம் நாள் காரியம். அதற்குள் இன்னொரு சாவு வேண்டாம்.

ஜூன் 8, வியாழன்

இன்றும் பதினொன்று. 5.50 முதல் 6.07 வரை. ஒரு ரிங், உடனே கட்.

அம்மா சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்.

எட்டு வருடமாக இப்படித்தானாம். தனியாக இருக்கிற பெண்கள், வயதானவர்கள், சொந்தம், பழக்கம் எல்லாமாகப் பதினோரு பேர். எழுந்ததும் பெரியம்மைக்கு ஒரு ரிங் கொடுக்க வேண்டும். ஒரு ரிங் என்றால் 'இருக்கிறேன்'. 6.10 வரை யாரிடமிருந்து வரவில்லையோ அவர்களைப் பெரியம்மையே அழைப்பாள். எடுக்காவிட்டால் ஆட்டோவை வரச்சொல்லி நேரில் போய் நிற்பாள். எல்லாம் சரி என்றால் 6.30க்கு எல்லாருக்கும் அவளிடமிருந்து ஒரு பதில் ரிங். அதோடு அன்றைய அலுவல் முடிந்தது.

"பேசலாமே? இப்போ பேசுறதுக்கு யாரு காசு கேக்கா?"

"பேசுனா கோமு மைனி ஒரு மணி நேரம் முட்டுவலி சொல்லுவா. பதினோரு பேரு. அக்கா எப்பம் காப்பி குடிக்க?"

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு சென்சாரும் முப்பது விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று இதேபோலத்தான் சொல்கிறது. அதற்கு ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வந்து மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள். பெரியம்மை முப்பத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இருபத்தொன்பது வயதில் கணவனை இழந்து, பிள்ளையில்லாமல், மூன்று தம்பி தங்கைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். பால்காரர், டாக்டர், கோவில் பூசாரி என யாரானாலும் காத்திருக்க வைக்க அவளிடம் ஒரே சொல்தான்: "லைன்ல இருங்க."

ஞாயிற்றுக்கிழமை பதில் ரிங் வரவில்லை. 6.50க்கு அவள் வாசலில் ஐந்து பெண்கள் நின்றார்கள். அப்படித்தான் தெரியவந்தது.

"சரிம்மா. அவ செத்த பெறவும் ஏன் அடிக்காங்க?"

"அடிக்காம விட்டா அவ என்ன நெனைப்பா?" அம்மா காயைத் தட்டில் தள்ளினாள். "நானுந்தான் அடிச்சேன்."

பதினொன்றில் ஒன்று அம்மாவுடையது. அடுத்த அறையிலிருந்து.

போனில் 'டயல் செய்தவை' பட்டியலையும் பார்த்தேன். வருவது பதினொன்று, ஆனால் 6.30க்குப் போவது பன்னிரண்டு. பன்னிரண்டாவது எண் என்னுடையது. என் போன் காலையில் சைலன்டில் இருக்கும். இதைப் பற்றி எழுத இப்போது நேரமில்லை. பந்தல்காரரைப் பார்க்கப் போக வேண்டும்.

ஜூன் 9, வெள்ளி

பதினொன்று. எல்லாரும் இருக்கிறார்கள். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

ஜூன் 10, சனி

துக்கம் கேட்க வந்தவர்களில் பிச்சம்மை டீச்சர் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "இவன் பதினாறு முடிஞ்சு போயிருவான். சிம்மும் போயிரும். அதுக்குப் பெறவு நான் காலைல எந்திரிச்சா யாருக்குட்டி தெரியும்?"

அம்மா காப்பி எடுக்க உள்ளே போனாள். பதில் என்னிடம் இருந்தது.

பெரியம்மையின் அமைப்பில் அடிப்படைக் கோளாறு ஒன்று உண்டு. எல்லா ஒயரும் ஒரே இடத்துக்கு வருகிறது. அந்த ஒரு இடம் செத்தால் எல்லாம் செத்தது. அதுதான் நடந்திருக்கிறது. இதற்குத் தீர்வு வட்டம். முதல் ஆள் இரண்டாம் ஆளுக்கு ஒரு ரிங், இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளுக்கு, கடைசி ஆள் முதல் ஆளுக்கு. யாருக்காவது 6.05 வரை ரிங் வரவில்லை என்றால் உடனே என்னை அழைக்க வேண்டும். நடுவில் யாரும் தேவையில்லை. யார் செத்தாலும் வட்டம் ஓடும்.

காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தேன். வீடுகள் இருக்கிற வரிசைப்படி பெயர்கள். அழகாக வந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வட்டத்தைச் சுற்றி வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"ஏல நாதா, இதுல கோமு மைனிக்கு அடுத்து..."

"யம்மா, நீ குறுக்கப் பேசாத. லாஜிக் கெட்டுரும்."

"இல்லல, அவ வந்து..."

"லாஜிக்கும்மா."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஞாயிறு எல்லாருக்கும் சொல்லிவிட்டு, திங்கள் முதல் சோதனை ஓட்டம்.

ஜூன் 12, திங்கள்

சோதனை நாள் 1. வட்டம் முழுதாகச் சுற்றியது. 5.50க்கு ஆரம்பித்து 6.04க்கு முடிந்தது. பெரியம்மையின் முறையில் இருபது நிமிடம், என் முறையில் பதினான்கு.

பெருமைப்பட ஒன்றரை மணி நேரம்தான் கிடைத்தது. 7.30க்கு டீச்சர் நேரில் வந்தார்.

"எனக்கு அடிக்க ஆளு போட்டிருக்கியே, கோமு, அவ எப்பிடி அடிச்சா தெரியுமால? அரை ரிங்கு! 'ட்ரி'ன்னுச்சு, வச்சுட்டா. 'ங்' வரவே இல்ல. மூஞ்சில அடிச்ச மாரி இருந்துச்சு."

"அரை ரிங்னாலும் ரிங்தான் டீச்சர். ஆள் இருக்காங்கன்னு தெரியுதுல்லா?"

"இருக்கான்னு எனக்கு எதுக்குத் தெரியணும்?"

பத்து மணிக்குக் கோமு அத்தையின் போன். பெரியம்மையின் கணவருக்குத் தங்கை. மகன் பெங்களூரில், இவள் இங்கே தனியாக.

"மருமவனே, நான் அந்தப் பொம்பளைக்கு அடிச்சேன்னா அது ஆவுடை மைனி மொகத்துக்காவ. ஒனக்காவ இல்ல, அவளுக்காவவும் இல்ல. இத வட்டத்துல எழுதிக்கிடு."

இப்போது அம்மாவுக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது. விடுவாளா? 2003இல் பழனிக்குப் போன வேனில் ஜன்னல் சீட்டில் கோமு அத்தை கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருக்கிறாள். டீச்சர் அந்தக் கைக்குட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பழனியில் சாமியிடம் ஒருவர் மேல் ஒருவர் புகார் சொல்லிவிட்டுத் திரும்பியவர்களுக்குள் இருபது வருடமாகப் பேச்சில்லை.

"அக்கா என்ன செஞ்சா தெரியுமா? கோமு மைனிய காலைல மட்டும் வீட்டுக்கு வரச் சொல்லுவா, டீச்சர சாயங்காலம் மட்டும். இருவது வருசம் ரெண்டு பேரும் ஒரே வாசல் திருணையில ஒக்காந்துருக்காளுவ, ஒரு நாளும் பாத்துக்கிட்டது கெடையாது. எக்ஸ்சேஞ்சுல எந்த லைன எதுகூடச் சேக்கக் கூடாதுன்னுதான் மொதல்ல சொல்லிக் குடுப்பாவளாம்."

"இத நீ சனிக்கெழமையே சொல்லிருக்கலாம்லா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்னொன்று. பெரியம்மையின் போனில் ஒரு எண் மட்டும் மே மாதம் முழுவதும் காலை 6.40க்கு வந்திருக்கிறது, இறந்ததற்குப் பிறகு வரவில்லை. பெயர் 'கோவைத் தம்பி'. என் போனில் அந்த எண்ணைப் போட்டேன். ஜெபராஜ் என்று வந்தது. என் அறை நண்பன். கூப்பிட்டேன்.

"ஆமாடா. ரெண்டு வருஷமா. நீ அவங்க ரிங்குக்குப் பதில் குடுக்க மாட்டேங்குறன்னு என் நம்பர எப்படியோ வாங்கிட்டாங்க. 'தம்பி, அவன் கிடக்கானா பாரு, கிடந்தா ஒரு ரிங் விடு'ன்னாங்க. நீ குறட்டை விடுவ. நான் ரிங் விடுவேன்."

"எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவனுக்குக் கோவம் வரும்னாங்க. உனக்கு எதுக்குத்தான் வராது?"

பெரியம்மை இறந்த ஞாயிறு அவன் திருச்செந்தூரில் தங்கை வீட்டில் இருந்தானாம். நான் அறையில் இருந்தேன். 9.20க்கு எழுந்தேன். அம்மா அதற்குள் என்னைப் பதினேழு முறை அழைத்திருந்தாள்.

சாதம் குழைந்துவிட்டது. சாப்பிடவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

சோதனை நாள் 2. டீச்சருக்கு இன்று முக்கால் ரிங் வந்ததாகத் தகவல். முன்னேற்றம். சாமியானா ஆளுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

ஜூன் 14, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

7.20. டீச்சர் போன். "ஏல, இன்னைக்கு அதுவும் இல்ல. முக்கால் ரிங்கும் இல்ல. திமிரப் பாத்தியா?"

"எப்போதிருந்து இல்ல?"

"அஞ்சே முக்காலுக்கே எந்திரிச்சு போன மடியில வச்சிட்டு ஒக்காந்துருக்கேன்."

"ஆறஞ்சுக்கே எனக்குச் சொல்லணும்லா டீச்சர்! அதான ரூலு?"

"வராட்டா சொல்லணும்னா, விழுந்து கெடந்தா சொல்லணும்னு அர்த்தம். இவ வேணும்னு அடிக்கலல்லா. எனக்கு அடுத்த ஆளுக்கு நான் கரெக்டா அடிச்சிட்டேன். என் மேல குத்தம் இல்ல."

நான் போனை வைக்கவில்லை, போட்டுவிட்டு ஓடினேன். அப்பா விட்டுப்போன ஸ்கூட்டர். கோமு அத்தையின் வாசல் கதவு உள்ளே பூட்டு. கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்சுவர் ஏறிக் குதித்ததில் இடது முழங்கால் கிழிந்தது. பின்கதவின் கொண்டி இரண்டாவது இடிக்கு விட்டது. நேரம் 7.30.

குளியலறை வாசலில் கிடந்தாள். நினைவு இருந்தது. வலது மணிக்கட்டு கோணலாக இருந்தது. சேலை நனைந்து, உதடு வெளுத்து, நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"மருமவனே... வந்துட்டியா. அஞ்சே முக்கால் ஆவ அஞ்சு நிமிசம் இருக்கும்போது விழுந்தேன். போனு கட்டில்ல கெடக்கு. சத்தம் போட்டுப் போட்டுத் தொண்டை போச்சு."

தூக்கி உட்கார வைப்பதற்குள் முன்வாசலில் ஆட்டோ சத்தம். "கதவத் தொறல, எடுபட்ட பயலே!" டீச்சர் குரல்.

கோமு அத்தை நல்ல கையால் என் சட்டையைப் பிடித்தாள். "அவகிட்ட நான் விழுந்தேன்னு சொல்லாத. படுத்துருக்கேன்னு சொல்லு."

"குளியல்ரூம் வாசல்லயா?"

"சொல்லு."

போய் முன்கதவைத் திறந்தேன். டீச்சர் வந்தார். பார்த்தார். உள்ளே போய் பீரோவைத் திறந்து உலர்ந்த சேலை ஒன்றை எடுத்து வந்தார். "நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லுல" என்றார். நான் திரும்பி நின்றேன். பின்னால் சேலை மாற்றும் சத்தம், இரண்டு பேரின் மூச்சு. பிறகு யாரோ ஒருத்தி அழுதாள். எவள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்க அனுமதி இல்லை.

ஒரு மணி ஐம்பது நிமிடம் தரையில் கிடந்திருக்கிறாள். அதில் ஒரு மணி பத்து நிமிடம் என் வட்டத்தின் கணக்கு. பெரியம்மையாக இருந்தால் 6.10க்குக் கூப்பிட்டு, 6.20க்கு வாசலில் நின்றிருப்பாள்.

ஜூன் 15, வியாழன்

மணிக்கட்டில் எலும்பு முறிவு. இடுப்புக்கு ஒன்றுமில்லை. ஆறு வாரம் கட்டு. டாக்டர் சொன்னது: நனைந்த சேலையோடு இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் கதை வேறு.

மருத்துவமனையில் டீச்சர் கட்டிலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். இருவரும் இன்னும் பேசுவதில்லை. நடுவில் நான்.

"குத்தாலம், அவகிட்ட சொல்லு. கஞ்சி ஆறுதுன்னு."

"மருமவனே, கஞ்சில உப்பு இல்லன்னு சொல்லு."

"ரத்தக்கொதிப்புக்காரிக்கு உப்பு எதுக்குன்னு கேளு."

"எனக்குக் கொதிப்பு வந்ததே எந்த வேன்லன்னு கேளு."

இரண்டடி தூரம். ஒரு மணி நேரம் இதையே செய்தேன். முப்பத்தெட்டு வருடம் ஒருத்தி இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சும்மாவும் செய்திருக்கிறாள்.

ஜூன் 17, சனி

கோளாறு என்ன என்று இப்போது தெரிகிறது. சென்சார் அமைதியானால் ஒரே அர்த்தம், பழுது. இவர்கள் அமைதியானால் பழுதாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். பெரியம்மையிடம் மட்டும் யாருக்கும் கோபம் இல்லை. அதனால் அவளிடம் அமைதிக்கு ஒரே அர்த்தம் இருந்தது. நடுவில் ஆள் வேண்டும். நான் அழகாக அழித்தது அந்த ஆளைத்தான்.

காலண்டர் தாளைக் கிழித்துவிட்டேன்.

சாயங்காலம் கூட்டம். வர முடிந்தவர்கள் ஒன்பது பேர். நடுவில் யார் என்பது கேள்வி. அம்மா பெயரைச் சொன்னேன். "ஒங்கம்மா கோமு கட்சி" என்றார் டீச்சர். டீச்சர் பெயரை யாரோ சொன்னார்கள். கையில் கட்டோடு கோமு அத்தை எழுந்து நின்றாள். அந்தப் பெயர் அங்கேயே விழுந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வேன், ஒரு கல்யாணம், ஒரு குடிதண்ணீர்க் குழாய் தடையாக நின்றது. முக்கால் மணி நேரம். என் பொறுமை போய்விட்டது.

"யாரு நடுவுல இருந்தா என்ன? காலைல ஒரு ரிங், கணக்குப் பாக்கணும், வரலன்னா ஆளப் போட்டு எழுப்பணும். இதுக்குக் கட்சி எதுக்கு? ஒங்க சண்டையெல்லாம் எனக்குத் தெரியவும் வேண்டாம்!"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இவன்தாம்ட்டி" என்றார் டீச்சர்.

கோமு அத்தை, இருபது வருடத்தில் முதன்முறையாக, அவர் சொன்னதற்குத் தலையாட்டினாள். "ஆமா. இவனுக்கு நம்மள்ல ஒருத்தரையும் புடிக்காது. அதான் சரி."

"நான் கோயம்புத்தூர்ல இருக்கேன்!"

"போனு எங்க இருந்தாலும் அடிக்கும்லா? நீதான இஞ்சினியரு" என்றாள் அம்மா.

ஜூன் 19, திங்கள்

பதினாறாம் நாள். படத்துக்கு மாலை, வடை பாயசத்தோடு சாப்பாடு, நூற்றுநாற்பது இலை. டீச்சரும் கோமு அத்தையும் வேறு வேறு பந்தியில். நானே பிரித்து உட்கார வைத்தேன்.

ஆளுக்கு ஆள் பெரியம்மையைப் பற்றிச் சொன்னார்கள். அவள் பாடி யாரும் கேட்டதில்லை, ஆனால் வெளியூர் டிரங்க் கால் கிடைக்காமல் அழுத ஒரு லாரி டிரைவர் பெண்டாட்டிக்கு லைன் வரும்வரை தாலாட்டுப் பாடினாளாம். மூன்று கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் பேசியதும், நான்கு கல்யாணத்தை நிறுத்தியதும் அவள்தானாம். கல்யாணம் நின்ற நால்வரும் சாப்பிட வந்திருந்தார்கள், சந்தோஷமாக.

என்னையும் சொல்லச் சொன்னார்கள். எழுந்தேன். "எனக்கு அவ தினமும் அடிப்பா" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

ஜூன் 20, செவ்வாய்

பஸ் மதியம் 1.15க்கு. அதற்குள் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

1. சிம்மை என் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு, ஆதார் ஒன்று. எண் மாறக் கூடாது.
2. அலாரம் 5.45. போன் சைலன்டில் இருக்கக் கூடாது. இரண்டு போனும்.
3. ஊரில் நேரில் போய்ப் பார்க்க ஆட்டோ இசக்கியிடம் பேசியாயிற்று. அவனுக்குப் பதினோரு வீட்டையும் இன்று காட்ட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாற்றுச் சாவி அடுத்த வீட்டில் இருக்க வேண்டும். கதவை இனி நான் உடைக்கப் போவதில்லை.
4. ஜெபராஜுக்கு நன்றி சொல்லக் கூடாது, ஊரெல்லாம் சொல்லுவான். ஒரு மாதம் காலை டீ என் பொறுப்பு.
5. அம்மாவின் ரிங் மட்டும் பேசும் ரிங். கட் பண்ணாமல் எடுக்க வேண்டும்.
6. 6.30க்கு எல்லாருக்கும் பதில் ரிங். முழு ரிங். டீச்சர் அளந்து பார்ப்பார்.
7. கோமு அத்தைக்குக் கட்டுப் பிரிக்கும்வரை இடது கை. பொத்தான் தேட நேரமாகும். அவளுக்கு மட்டும் 6.12 வரை.
8. 6.12க்கு மேல் யாருக்காகவும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. பொறுமை இல்லாதவன் என்றுதானே என்னை எடுத்தார்கள்.